மரக்கரண்டிக்குச் சாயமும் மெருகும் – கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை



அரிசி, பருப்பு கொள்முதல் செய்யும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம். எண்ணெயை முகர்ந்து பார்க்கிறோம். வெல்லத்தைக் கிள்ளி வாயிலும் போட்டுப் பார்க்கிறோம். ஆனால் அதே கடை வாசலில் கயிற்றில் தொங்குகிற மரக்கரண்டியையும், மத்தையும், சப்பாத்திக் கட்டையையும் அப்படிப் பார்ப்பதில்லை. "கட்டைச் சாமான்தானே, கெட்டுப் போகிற சரக்கா?" என்று டஜன் கணக்கில் எண்ணி வாங்கிப் போட்டுவிடுகிறோம். இராயபுரத்தில் நாற்பது வருஷமாக மொத்த வியாபாரம் செய்து வருகிற எங்களுக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. ஒரு சரக்கு வந்து அந்த எண்ணத்தை மாற்றியது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம். திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், எங்களிடம் வாங்கிய சிவப்புச் சப்பாத்திக் கட்டை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. பூரிக்கு மாவு தேய்ச்சா ரோஸ் கலர்ல வருதுன்னு அந்த அம்மா கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டுட்டாங்க. வீட்ல மூணு பிள்ளைங்க சாப்பிட்டிருக்கு."

ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தோம். துணி சிவந்துபோயிற்று. சரக்கு அனுப்பியவருக்குப் போன் போட்டால், "துணிக்குப் போடற சாயம்தாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். வந்தது நாற்பது டஜன். அதில் இருபத்தாறு டஜன் காசிமேடு முதல் எண்ணூர் வரை கடைகளுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு கடைக்கும் ஆள் அனுப்பிச் சரக்கைத் திரும்ப எடுத்தோம், பணத்தையும் கொடுத்தோம். விற்றுப்போனவை எத்தனை வீட்டு அடுக்களையில் இருந்தன என்பது மட்டும் தெரியவில்லை. பண நஷ்டத்தைவிட அதுதான் எங்களை வெகுநாள் உறுத்தியது.

அதன் பிறகு கடைசல் பட்டறைக்காரர்களிடமும், தச்சர்களிடமும், விஷயம் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை நம் உறுப்பினர்களுக்கு இங்கே எழுதுகிறோம்.

மரம் குடிக்கும், குடித்ததைத் திருப்பிக் கொடுக்கும்

எவர்சில்வர் கரண்டியில் தண்ணீர் ஒட்டாது. மரம் அப்படியல்ல. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் உண்டு. மரம் உயிரோடு இருந்த காலத்தில் வேரிலிருந்து நீரை மேலே ஏற்றிய வழி அது. கடைந்து கரண்டியாக்கிய பின்னும் அந்தக் குழல்கள் தண்ணீரை, எண்ணெயை, புளிக் கரைசலை, சாயத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு சூடான குழம்பில் விட்டுக் கிண்டும்போது, குடித்ததில் ஒரு பங்கை வெளியே விடும். சூடு, புளிப்பு, உப்பு, எண்ணெய் நான்கும் சேர்ந்தால் இன்னும் சுலபமாக வெளியே வரும். நம் சமையலில் இந்த நான்கும் இல்லாத பதார்த்தம் எது?

ஆகவே மரச் சாமான் மேல் பூசுவது எதுவானாலும் அது சாப்பாட்டில் சேரும் என்றே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வாயில் போடக் கூடாததைக் கரண்டியின் வாயிலும் பூசக் கூடாது. மற்ற விஷயங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவையே.

ஆகாத சாயங்கள்

முதலாவது, துணிச் சாயம். விலை மலிவு, நிறம் பளிச்சென்று இருக்கும். ரோடமின்-பி என்ற ரோஸ் நிறச் சாயத்தின் பெயரை இப்போது எல்லோரும் அறிவார்கள். இது துணி முதலிய தொழில்களுக்கான சாயம். உணவில் சேர்க்க அனுமதி இல்லாதது. பஞ்சு மிட்டாயில் இது இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்கே தடை போட்டது. மிட்டாயில் ஆகாத சாயம் மாவு தேய்க்கிற கட்டையில் மட்டும் ஆகுமா?

இரண்டாவது, பெயிண்டு. பழைய எனாமல் பெயிண்டுகளில், முக்கியமாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், காரீயம் கலந்த நிறப்பொடிகள் சேர்ந்திருந்தன. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பர் முதல் அது அமலில் இருக்கிறது. ஆனால் அது சுவருக்கும் கதவுக்கும் போட்ட விதி. விதிப்படி தயாரான பெயிண்டும் குழம்பில் ஊறுவதற்கு ஆனதல்ல. பெயிண்டு ஏடு ஏடாக உரிந்து சாப்பாட்டில் விழும் என்பது வேறு.

இங்கே ஒரு குழப்பம் வரக் கூடாது. ரசம் வைக்க நாம் விற்கிற ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. பெயிண்டில் சொல்லப்படுவது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். வாடிக்கையாளர் கேட்டால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, நாற்காலி மேஜைக்குப் போடும் வார்னிஷும் தின்னர் கலந்த பாலிஷும். கண்ணாடி போல் மின்னும், ஆனால் கொதிக்கிற சாம்பாருக்கென்று செய்தது அல்ல. பெட்டியைத் திறந்ததும் தின்னர் வாடை மூக்கில் ஏறுகிற சரக்கை அப்படியே திருப்பி அனுப்புவது உத்தமம்.

ஆகும் வழிகள்

நிறமே கூடாது என்று சொல்ல வரவில்லை. நம் நாட்டில் மரத்துக்கு நிறம் ஏற்றும் நல்ல முறை பழைய காலம் முதல் இருக்கிறது. அதுதான் அரக்குக் கடைசல்.

அரக்கு என்பது சில மரக் கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பகுதிகளில் மிகுதியாகக் கிடைக்கிறது. இதை ஆராயவென்றே 1924-இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. சுத்தம் செய்த அரக்கு மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேல்பூச்சாகப் பயன்படுகிறது. வயிற்றுக்குப் போகிற பொருளின் மேலேயே பூசத் தகுந்தது என்பதுதான் அதன் சிறப்பு.

பட்டறையில் அரக்கை இளக்கி, நிறப்பொடி சேர்த்துப் பிசைந்து, குச்சியாக உருட்டி வைத்துக்கொள்வார்கள். கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் அந்தக் குச்சியை அழுத்தினால், உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போது வரும் பளபளப்பைப் பார்த்தால் பாலிஷ் டப்பா நினைவுக்கே வராது.

நம் தமிழ்நாட்டில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. பெங்களூர் – மைசூர் சாலையில் உள்ள சென்னபட்டணத்திலும் இதே தொழில்தான். அங்கே கடைசலுக்கு வெட்பாலை மரம் பெயர் பெற்றது. வெள்ளையாக, மிருதுவாக, கடைவதற்கு இணக்கமாக இருக்கும். ஆந்திராவில் வராக நதிக்கரையில் உள்ள ஏடிகொப்பாகா கிராமத்தின் கதை வியாபாரிகள் கேட்க வேண்டியது. அங்கேயும் மலிவான ரசாயனச் சாயம் புகுந்து பழைய முறை மறைந்து வந்தது. சி.வி. ராஜு என்ற கலைஞர் மஞ்சள், அவுரி முதலிய தாவரங்களிலிருந்து எடுக்கும் சாயங்களை அரக்கோடு சேர்க்கும் முறையைத் தேடிப் பிடித்து, கைவினைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2017-இல் ஏடிகொப்பாகா பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் ராஜு பத்மஸ்ரீ விருது பெற்றார். சாயத்தில் நாணயம் காட்டியதும் தொழிலுக்கு மீண்டும் மதிப்பு வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆனால் அரக்குக்கும் எல்லை உண்டு. சுமார் 75 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இளகிவிடும். சோடா உப்பும் காரமான சோப்பும் அதை அரிக்கும். சாம்பார் கொதிப்பது 100 டிகிரியில், வடைச் சட்டி எண்ணெய் காய்வது அதற்கும் வெகு மேலே. ஆகவே அரக்கு நிறம் கைப்பிடிக்கும், அஞ்சறைப் பெட்டியின் வெளிப்புறத்துக்கும், மூடிக் குமிழுக்கும்தான். கரண்டியின் வாய், மத்தின் தலை, கட்டையின் உருளும் பாகம் ஆகியவை நிறமில்லாத வெறும் மரமாகவே இருக்கட்டும்.

'இயற்கைச் சாயம்' என்று சீட்டு ஒட்டியிருந்தால் உடனே மயங்கிவிடவும் வேண்டாம். செடியிலிருந்து எடுத்த சாயம் நிலைத்து நிற்க ஏதாவது உப்பு சேர்ப்பார்கள். படிகாரம் என்றால் பயமில்லை. மயில்துத்தம், பைக்ரோமேட் போன்றவை விஷம். 'சாயம் எது?' என்று கேட்பதோடு, 'எதைப் போட்டு நிறுத்தினீர்கள்?' என்றும் கேட்க வேண்டும். மஞ்சள் சாயம் வெயிலில் வெளுக்கும், சோப்பு பட்டால் சிவக்கும். இது வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய சங்கதி.

சில பட்டறைகளில் கேசரிப் பொடி போன்ற உணவு நிறங்களைக் கரைத்து ஏற்றுகிறார்கள். நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டுதான். அவையும் குறிப்பிட்ட பண்டங்களில், குறிப்பிட்ட அளவுக்குள் மட்டுமே. பொட்டலத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நிறங்கள் தண்ணீரில் கரைபவை. ஆகையால் இவையும் கைப்பிடிக்கு மட்டும், மேலே அரக்குப் பூச்சோடு.

எங்களுக்கு மிகவும் பிடித்தது சூட்டுக்கோலால் போடும் கோடும் பூவும். சாயமே இல்லை, மரம்தான் கருகி அழகு தருகிறது. சூட்டுக்கோடு போட்ட வேப்பமரக் கரண்டி எங்கள் கடையில் சிவப்புக் கரண்டியைவிட நன்றாகவே போகிறது.

மெருகுக்கு எந்த எண்ணெய்?

கரண்டியைக் கடைந்த பின் உப்புத்தாளால் முதலில் கரடாகவும் பிறகு நைஸாகவும் தேய்ப்பார்கள். கெட்டிக்கார தச்சர் நடுவில் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுவார். அப்போது நார் எழும்பி நிற்கும். அதை மறுபடி தேய்த்துவிட்டால், வீட்டில் கழுவும்போது சொரசொரப்பு வராது. அதன் மேல்தான் எண்ணெய்.

ஆளி விதை எண்ணெய் காய்ந்து படலமாகும் எண்ணெய். சாப்பிடும் தரத்தில் செக்கில் ஆட்டியதாக இருந்தால் நல்லது. ஆனால் நன்றாக உலர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். பெயிண்டுக் கடையில் 'காய்ச்சிய ஆளி எண்ணெய்' என்று விற்பது வேறு. அது சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்தது, சமையல் சாமானுக்கு ஆகாது. இன்னொரு எச்சரிக்கை: ஆளி எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், தீக்குச்சி இல்லாமலே தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்துப் போட வேண்டும். கிடங்கு வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

தேங்காய் எண்ணெய் வீட்டு உபயோகத்துக்கு நல்லது. ஆனால் அது காயாத எண்ணெய். கடையில் ஆறு மாதம் தொங்கினால் சிக்கு வாடை வரும், தூசியும் ஒட்டும். இருப்பு வைக்கிற சரக்குக்கு மருந்துக் கடையில் ஐ.பி. என்ற குறியோடு கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஏற்றது, வாடை வராது. இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய் வேறு, இது வேறு. நாலு பங்கு லிக்விட் பாரஃபினுக்கு ஒரு பங்கு சுத்தமான தேன்மெழுகு சேர்த்தால் தண்ணீரை இன்னும் நன்றாகத் தடுக்கும். மெழுகு 64 டிகிரிக்குள் உருகிவிடும். நேரடியாக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும்.

துறைமுகத்துப் பெட்டி மரம்

இது நம் பக்கத்துக்கே உரிய விஷயம். துறைமுகத்தில் சரக்கோடு இறங்கும் பெட்டிகளும் அடிப்பலகைகளும் உடைபட்டு விலைக்கு வருகின்றன. பார்க்க வெள்ளையாக, நேரான பைன் மரமாக இருக்கும். விலையோ சல்லிசு. அதில் காய் நறுக்கும் பலகையும் சப்பாத்திப் பலகையும் செய்து, வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தால் பழையது என்று தெரியாது.

வெளிநாட்டுப் பெட்டி மரத்தில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை, நாட்டின் குறி, பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பாகம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்தது. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு வாயுவால் புகை போட்டது. பூச்சி வராமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு இது. எச்.டி. என்று இருப்பதாலேயே அந்த மரம் சமையலுக்கு உகந்தது என்று அர்த்தமில்லை. அந்தப் பெட்டியில் வந்தது என்ன, பூச்சிமருந்தா, ரசாயன டிரம்மா, மேலே என்ன சிந்தியது என்பது யாருக்கும் தெரியாது. மரம் குடித்திருக்கும். அலமாரிக்குப் பலகையாகப் போடலாம், அடுக்களைக்கு வேண்டாம். ஆணி அடித்த ஓட்டையை மெழுகால் அடைத்த பலகை வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

வேம்பு, மா, பலா, தேக்கு போன்ற, பெயர் சொல்லி விற்கக்கூடிய மரமாகக் கேட்டு வாங்குவது நல்லது. எட்டி, அரளி போன்ற நச்சு மரங்கள் விறகுக் கட்டோடு பட்டறைக்கு வந்துவிடாமல் பார்ப்பது கடைசல்காரரின் பொறுப்பு; கேட்டு உறுதி செய்வது நம் பொறுப்பு.

கடையிலேயே செய்யும் சோதனை

ஒவ்வொரு புதுச் சரக்கிலும் ஒரு கரண்டியைச் சோதனைக்கென்று எடுத்து வையுங்கள். ஒன்று போனால் போகட்டும்.

1. முகர்ந்து பாருங்கள். தின்னர், மண்ணெண்ணெய், பெயிண்டு வாடை இருந்தால் அதோடு சரி.

2. வெள்ளைப் பருத்தித் துணியால் முதலில் உலர்வாகவும், பிறகு வெந்நீரில் நனைத்தும் தேயுங்கள்.

3. சூடான புளித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். இன்னொரு துணியில் காய்ச்சிய எண்ணெய் தொட்டுத் தேயுங்கள். தண்ணீருக்கு வராத சாயம் எண்ணெய்க்கு வரும்.

4. நகத்தால் சுரண்டுங்கள். ஏடாக உரிந்தால் அது பெயிண்டு.

சாயம் துளி ஒட்டினாலும் சரக்கு வேண்டாம். ஆனால் இந்தச் சோதனைகளுக்குக் காரீயம் அகப்படாது என்பதை நினைவில் வையுங்கள். ஒட்டாத பெயிண்டு நல்ல பெயிண்டு ஆகிவிடாது. ஆகவேதான் உணவு படும் பாகத்தில் நிறமே வேண்டாம் என்கிறோம். பெரிய அளவில் கொள்முதல் செய்பவர்கள் அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். பில்லிலேயே 'உணவு படும் பாகத்தில் சாயம், வார்னிஷ் இல்லை. பெட்டி மரம் இல்லை' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் எழுதித் தருவார். தயங்குகிறவரிடம் வாங்காதிருப்பதே லாபம்.

இருப்பும் பராமரிப்பும்

நம் பக்கத்துக் கடல் காற்றில் ஈரம் அதிகம். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசியும் சேரும். மரச் சாமானைத் தரையில் அடுக்காமல், சுவரை ஒட்டாமல், காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, மேலே துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெயும் கலந்து வந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட தண்ணீரில் நனைந்த மரச் சாமானை எத்தனை முறை கழுவி வெயிலில் போட்டாலும் விற்கக் கூடாது. எவர்சில்வரைக் கழுவலாம், மரம் குடித்துவிட்டது. பெயிண்டு அடித்த சரக்கைக் கழிக்கும்போது அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது. புகையிலும் சாம்பலிலும் விஷம் வரும்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். முதல் உபயோகத்துக்கு முன் வெந்நீரில் கழுவுங்கள், ஊறப்போடாதீர்கள், கழுவியதும் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள், மாதம் ஒருமுறை எண்ணெய் தடவுங்கள், விரிசல் விட்டால் மாற்றிவிடுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை. கடைசல்காரர் பளிச்சென்று நிறம் அடிப்பது அவர் ஆசையால் அல்ல, நாம் அதைக் கேட்பதால்தான். எங்கள் சிவப்புக் கட்டை விவகாரத்துக்குப் பிறகு, 'நிறம் கைப்பிடியில் மட்டும், அதுவும் அரக்கில்' என்று ஒரு பட்டறையில் சொன்னோம். உருப்படிக்கு இரண்டு மூன்று ரூபாய் கூடுதல் கேட்டார்கள், கொடுத்தோம். அன்று கட்டையைத் திருப்பிக் கொண்டுவந்த தம்பிதான் அந்தச் சரக்குக்கு முதல் ஆர்டர் கொடுத்தார். "அந்த அம்மா இப்பவும் நம்ம கடைக்குத்தான் வர்றாங்க அண்ணாச்சி" என்று பிறகு ஒரு நாள் சொன்னார்.

அந்த ஒரு சேதி எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.